டைனமோ ஹப்பின் காந்தத்தைப் பிரிக்காதீர்கள்

பழைய ராலே சைக்கிள் ஒன்று உங்கள் வீட்டுப் பின்கட்டில் சாய்ந்து கிடக்கிறதா? அதன் முன்சக்கரத்தின் நடுவே பாருங்கள். சாதாரண சைக்கிளில் ஹப் ஒல்லியாக இருக்கும். சில பழைய சைக்கிள்களில் மட்டும் அதன் ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகப் புடைத்து நிற்கும். அச்சின் ஓரத்தில் கம்பி மாட்ட இரண்டு சின்ன முனைகளும் தெரியும். துருவைத் துடைத்தால் ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பெயரும், ஜி.எச்.6 என்ற குறியும் வெளியே வரலாம். அது டைனோஹப். சக்கரத்தின் வயிற்றுக்குள்ளேயே வைத்த ஒரு மின்னாக்கி.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ராலே குழுமத்தைச் சேர்ந்த ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1936-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் ஜார்ஜ் ராலிங்ஸ் என்ற பொறியாளர். முதலில் 12 வோல்ட், பிறகு 8 வோல்ட், கடைசியில் 6 வோல்ட் என்று மாறி, 1984 வரை உற்பத்தி நடந்தது. ராலே, ரட்ஜ், ஹம்பர் சைக்கிள்களோடு இது மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது. பாசிக்கால் துவா என்று பழைய சைக்கிள்களைத் தேடி வாங்கித் துடைத்து ஓட்டுபவர்கள் இன்று நம் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஹப்பைப் பளபளப்பாக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விளக்கு எரிவதில்லை. இன்னும் ஆர்வமுள்ளவர்கள் ஹப்பைத் திறந்து பார்க்கிறார்கள். அதன்பிறகு விளக்கு எரிவதே இல்லை.

அந்த விளக்கை எரிய வைப்பது வெறும் பழம்பொருள் ஆசை இல்லை. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டு, சபா சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டன. அதனால் பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு முன்னால் உதிப்பதே இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் ஏழரையை நெருங்கிவிடும். தாசேக் கெலுகோரைச் சுற்றியுள்ள கம்பங்களிலிருந்தும் செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் ஆறே முக்காலுக்குச் சைக்கிளில் கிளம்பும் பிள்ளை இருட்டில்தான் வருகிறது. தெருவிளக்கு இல்லாத சாலையில் பின்னால் மண் லாரி வருகிறது. மின்கலம் தீர்ந்துபோன விளக்கை மறுநாள் மாற்றலாம் என்று நினைப்பது பிள்ளைகளின் இயல்பு. மிதித்தாலே எரியும் விளக்குக்கு அந்த மறுநாள் கிடையாது.

தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்களுக்கு வேறொரு டைனமோ ஞாபகம் வரலாம். அங்கே அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த ஹெர்குலிஸ் வண்டிகளில் புட்டி போன்ற டைனமோவை மாட்டியிருப்பார்கள். அதன் தலை டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும். நம் மழையில் அது வழுக்கும், டயரையும் தின்னும். ஹப் டைனமோவில் உரசல் இல்லை, சத்தமும் இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது? வெளிப்புறம் ஒரு காந்த வளையம். அதன் உள்முகத்தில் வட, தென் முனைகள் மாறி மாறி மொத்தம் 20. இந்த வளையம் சக்கரத்தோடு சுற்றும். நடுவில் பற்கள் வெட்டிய இரும்புக் கருவும் அதன் மேல் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இதை ஆர்மேச்சர் என்பார்கள். இது அச்சோடு இறுகி அசையாமல் நிற்கும். காந்த முனைகள் பற்களைக் கடந்து போகப் போக, சுருளின் வழியே செல்லும் காந்தப்பாயம் திசை மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாம் படிவ அறிவியலில் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்து எடுத்துக் கல்வனோமானியின் முள்ளை ஆட்டுகிறோமே, அதேதான். கையால் ஆட்டுவதற்குப் பதில் காலால் மிதிக்கிறோம்.

20 முனை என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது 10 அலைகள். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு 1.9 முறை சுற்றும். ஆகவே கிடைப்பது 19 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இந்த 19 என்ற எண்ணை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது காந்தத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பள்ளி ஆய்வகத்தில் குதிரைலாட வடிவக் காந்தத்தின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காப்பிரும்பு என்று பெயர். மாணவர்கள் அதை எங்காவது தொலைத்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு பார்த்தால் காந்தம் பாதி பலம் கூட இல்லாமல் இருக்கும். காரணம், காந்தப்பாயம் வட முனையிலிருந்து தென் முனைக்குப் போக ஒரு வழி வேண்டும். இரும்பு அதற்கு நெடுஞ்சாலை மாதிரி. காற்று சேற்று வயல். இரும்பை எடுத்துவிட்டால் பாயம் காற்று வழியே தடுமாறித் திரும்ப வேண்டியிருக்கிறது. அப்போது காந்தத்தின் சொந்த முனைகளே அதன் உடலுக்குள் எதிர்த் திசையில் ஒரு புலத்தை வலுவாக உண்டாக்கும். காந்தம் தன்னைத் தானே அழிக்கத் தொடங்கும்.

எல்லாக் காந்தங்களும் இப்படிப் பலவீனமானவை அல்ல. இன்று செவிப்பொறியிலும் கணினி வட்டிலும் இருக்கும் நியோடிமியம் காந்தம் 1980-களில் வந்தது. எதிர்ப்புலத்தைத் தாங்கும் சக்தி அதற்கு மிக அதிகம். டைனோஹப்பில் இருப்பது அதற்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த அல்னிகோ வகை. அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்போடு கலந்து செய்வது. இந்த வகைக் கலவைகளுக்கு 1931-இல் ஜப்பானில் டோக்குஷிச்சி மிஷிமா வழி திறந்தார். அக்காலத்துக்கு அது பெரிய பாய்ச்சல். ஆனால் எதிர்ப்புலத்தைத் தாங்குவதில் நியோடிமியத்தின் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதிலும் ஒரே வளையத்தில் 20 முனைகளை நெருக்கி வைத்திருப்பதால், ஒவ்வொரு குட்டிக் காந்தமும் மிகவும் குட்டையானது. குட்டையான காந்தத்துக்குத் தற்சேதம் கூடுதல்.

ஆகவே ஆர்மேச்சரை வளையத்திலிருந்து உருவி எடுத்த அந்தக் கணமே காந்தத்தின் பலம் சரிந்துவிடும். நாள் கணக்கில் இல்லை, அந்தக் கணமே. பதறிப்போய் உடனே திரும்பச் செருகினாலும் இழந்தது திரும்பாது. புதிதாகக் காந்தமூட்ட வேண்டுமென்றால் 20 முனைகளுக்கும் பொருந்தும் தனிக் கருவி வேண்டும். பட்டர்வொர்த்தில் எந்தச் சைக்கிள் கடையில் கேட்டாலும் அப்படி ஒன்று கிடைக்காது.

அன்றைய பட்டறைக்காரர்களுக்கு இது தெரியும். ஆர்மேச்சர் அளவுக்கே கடைந்த ஒரு தேனிரும்பு வட்டை வைத்திருப்பார்கள். ஆர்மேச்சரை ஒரு பக்கம் தள்ளத் தள்ள, மறுபக்கத்திலிருந்து அந்த வட்டு உள்ளே நுழையும். வளையத்தின் வயிறு ஒரு நொடிகூடக் காலியாக இருக்காது. கடைசல் பட்டறையில் அப்படி ஒன்று செய்துகொள்ளலாம்தான். ஆனால் அதற்கு அவசியம் மிக அரிது. காந்த வளையத்தை ஹப்போடு பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றினால், வளையமும் ஆர்மேச்சரும் ஒன்றையொன்று கவ்வியபடியே சேர்ந்து வெளியே வரும். அப்படியே ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள், சூடேற்றாதீர்கள். அதிர்ச்சியும் வெப்பமும் காந்தத்துக்கு ஆகாது.

திறப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். பாதி ஹப்புகளைத் திறக்கவே வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இரு முனைகளையும் தொட்டால் சில ஓம்கள் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் முனைக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான். அடுத்து ஒரு முனையையும் அச்சையும் தொட்டுப் பாருங்கள். இணைப்பு காட்டினால் சுருளின் மின்காப்பு எங்கோ தேய்ந்து இரும்பைத் தொடுகிறது. விளக்கு எரியும், ஆனால் உங்கள் புதிய சுற்றின் எந்தக் கம்பியும் சைக்கிள் சட்டத்தைத் தொடக்கூடாது.

பிறகு காந்தத்தின் பலம். வெறும் வோல்ட்மானியை மாட்டிச் சக்கரத்தைச் சுழற்றினால் கிடைக்கும் எண் ஏமாற்றும். சுமை கொடுத்து அளக்க வேண்டும். ஜி.எச்.6 ஏறக்குறைய 6 வோல்ட், 0.3 ஆம்பியர் தரும்படி செய்யப்பட்டது. 6-ஐ 0.3-ஆல் வகுத்தால் 20. ஆகவே 20 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை இரு முனைகளுக்கிடையே மாட்டுங்கள், சில காசுகள்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டயர் வால்வு விநாடிக்கு இரண்டு முறை உங்களைக் கடக்கும்படி சக்கரத்தைச் சுழற்றி, மாறுதிசை வோல்ட்டில் அளவெடுங்கள். 5-ஐத் தாண்டினால் காந்தம் நலம். 3 அல்லது 4 என்றால் உங்களுக்கு முன்னால் யாரோ அதைப் பிரித்திருக்கிறார்கள். அப்போதும் தூக்கி எறியாதீர்கள், அதற்கும் இப்போது வழி இருக்கிறது.

உங்கள் மல்டிமீட்டரில் ஹெர்ட்ஸ் நிலை இருந்தால் இன்னொரு வேடிக்கை. காட்டும் எண்ணில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்தால் ஏறக்குறைய மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 20 ஹெர்ட்ஸ் என்றால் 16 கிலோமீட்டர். மாணவர்களிடம் 10 அலைகளையும் 2.2 மீட்டரையும் மட்டும் சொல்லி, மீதியை அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

சுத்தம் செய்வது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குண்டுகளையும் கோன்களையும் மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வையுங்கள். மண்ணெண்ணெய் சுருளில் படக்கூடாது. கோனை இறுக்கித் தளர்த்துவதை டைனமோ இல்லாத பக்கத்தில் மட்டும் செய்யுங்கள். மறுபக்கத்தைத் தொட்டால் ஆர்மேச்சர் இடம் நகர்ந்து காந்தத்தில் உரசும். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி அவ்வளவு குறுகலானது.

சரி, காந்தம் நலம், சக்கரம் வழுவழுப்பாகச் சுற்றுகிறது. பழைய விளக்கில் புது பல்பு போட்டால் போதாதா? எரியும். ஆனால் அந்தக் காலத்தில் முன்விளக்குக்குக் கொடுத்தது 6 வோல்ட், 0.25 ஆம்பியர், அதாவது ஒன்றரை வாட். அத்தகைய சின்ன இழை பல்பு தரும் ஒளி பதினைந்து லூமெனைத் தாண்டினாலே அதிகம். மீதியெல்லாம் வெப்பம். பின்விளக்கு பல்பு போனால், அதன் பங்கு மின்னோட்டமும் முன்விளக்குக்குள் பாய்ந்து அதையும் கருக்கிவிடும். பழைய ஆட்கள் இரண்டு பல்பும் ஒரே இரவில் போச்சு என்று சொல்வது இதனால்தான்.

அதே ஒன்றரை வாட்டை எல்.இ.டி.க்குக் கொடுத்தால் நூற்றைம்பது லூமென் அளவுக்கு எதிர்பார்க்கலாம். பத்து மடங்கு. மிதிக்கும் காலுக்கு எந்தக் கூடுதல் சுமையும் இல்லை. காந்தம் பாதி பலம் இழந்த ஹப்பில்கூட, அது புதிதாக இருந்தபோது தந்ததைவிடப் பல மடங்கு ஒளி கிடைக்கும். எண்பது ஆண்டுக்கு முந்திய ஹப்பை இன்று பயன்படுத்தலாம் என்று துணிந்து சொல்வதற்கு இதுதான் காரணம்.

எல்.இ.டி.க்கு இந்த ஹப் இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. எல்.இ.டி. மின்னழுத்தத்தைப் பார்த்து வாழ்வதில்லை, மின்னோட்டத்தைப் பார்த்து வாழ்கிறது. மின்னோட்டம் எல்லை மீறினால் செத்துப்போகும். வேகமாகப் போனால் டைனமோவின் மின்னழுத்தம் ஏறுமே, இறக்கத்தில் எரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். மின்னழுத்தம் ஏறும்தான். ஆனால் அதிர்வெண்ணும் கூடவே ஏறும். சுருளுக்கு ஒரு குணம் உண்டு. அலை எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவுக்கு அதைத் தடுக்கும். தூண்டல் தடுப்பு என்று ஆறாம் படிவத்தில் படிப்பார்கள். வேகம் இரட்டித்தால் தள்ளும் விசையும் இரட்டிக்கும், தடுக்கும் சுவரும் இரட்டிக்கும். மொத்தத்தில் மின்னோட்டம் ஓர் அளவுக்குமேல் ஏறாமல் 0.3 ஆம்பியரை ஒட்டியே நிற்கும். எந்தச் சில்லும் இல்லாமல் அன்றைய பொறியாளர் வைத்த கட்டுப்பாடு இது. கடையில் கிடைக்கும் 1 வாட் எல்.இ.டி. தாங்குவது 0.35 ஆம்பியர். இதைவிடச் சரியான ஜோடி கிடைக்காது.

சுற்று எளியது. ஹப்பின் இரு கம்பிகளையும் நான்கு டையோடுகள் கொண்ட பாலத்துக்குக் கொண்டுபோங்கள். சாதாரண சிலிக்கன் டையோடு ஒவ்வொன்றும் 0.7 வோல்ட் தின்னும். மின்னோட்டம் எப்போதும் இரண்டைக் கடப்பதால் 1.4 வோல்ட் போய்விடும். 6 வோல்ட் மட்டுமே உள்ள இடத்தில் இது பெரிய களவு. ஷாட்கி டையோடு பயன்படுத்தினால் இழப்பு பாதியாகும். 1 என் 5819 என்று கேட்டால் மின்னணுக் கடைகளில் கொடுப்பார்கள். பாலத்தின் நேர்திசைப் பக்கத்தில் 4700 மைக்ரோபாரட், 25 வோல்ட் மின்தேக்கி ஒன்று. அதற்கு இணையாக, வரிசையில் கோத்த இரண்டு 1 வாட் வெள்ளை எல்.இ.டி.கள். அவற்றை அலுமினியத் தகட்டின் மேல் பொருத்துங்கள், சூடு வெளியேற வேண்டும். மிக மெதுவாக ஓட்டுபவர் என்றால், அல்லது காந்தம் பலவீனம் என்றால், ஒரே ஒரு எல்.இ.டி. போதும். சீக்கிரம் எரியத் தொடங்கும்.

அந்த மின்தேக்கி எதற்கு? முன்பு சொன்ன 19 ஹெர்ட்ஸுக்காக. இழை பல்பு சூட்டினால் எரிவது. அலைகளுக்கு இடையில் ஆறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். எல்.இ.டி. அப்படியில்லை. பாலத்தைக் கடந்தபின் விநாடிக்கு 38 துடிப்புகள், மெதுவாகப் போனால் அதிலும் குறைவு. கண்ணுக்கு அந்தத் துடிப்பு நன்றாகவே தெரியும், சாலையில் உள்ள பள்ளம் தெரியாது. மின்தேக்கி அலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தை நிரப்பிக் கொடுக்கும். எல்.இ.டி. கம்பி எதிர்பாராமல் அறுந்தால் மின்னழுத்தம் எகிறும். மின்தேக்கியைக் காக்க அதற்கு இணையாக 12 வோல்ட், 5 வாட் ஜெனர் டையோடு ஒன்று போட்டுவிடுங்கள்.

டைனமோ விளக்கின் பழைய குறை, வண்டி நின்றால் விளக்கும் நிற்கும். சந்திப்பில் காத்திருக்கும்போதுதான் பின்விளக்கு மிகவும் தேவை. ஸ்டர்மி ஆர்ச்சரே இதற்கு உலர் மின்கலக் குழாய் ஒன்றை விற்றது; நின்றதும் விளக்கு மின்கலத்துக்கு மாறும். இன்று மின்கலமே வேண்டாம். 1 பாரட், 5.5 வோல்ட் சூப்பர் மின்தேக்கி பத்து சென் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. 5 வோல்ட் சீராக்கிச் சில்லு ஒன்றையும் (எல்.பி. 2950 போல, குறைந்த இழப்புள்ளதாக இருக்க வேண்டும்) அதற்கடுத்து ஒரு ஷாட்கி டையோடையும் மாட்டுங்கள். அங்கிருந்து ஒரு கிளை 560 ஓம் வழியாகச் சிவப்பு எல்.இ.டி.க்கு. இன்னொரு கிளை 47 ஓம் வழியாகச் சூப்பர் மின்தேக்கிக்கு. முதல் ஒன்றிரண்டு நிமிடம் முன்விளக்கு சற்று மங்கும், மின்தேக்கி நிரம்புகிறது என்று அர்த்தம். நிரம்பியபின் வண்டி நின்றாலும் சிவப்பு விளக்கு ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் எரியும். தாசேக் கெலுகோர் ரயில் நிலையச் சாலையில் எந்தச் சந்திப்பிலும் அவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்காது.

கைப்பேசிக்கு மின்னேற்றலாமா என்று பையன்கள் முதலில் கேட்பது இதைத்தான். கணக்குப் போடுவோம். 5 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் என்றால் ஒன்றரை வாட். இன்றைய கைப்பேசி மின்கலம் 15 வாட்-மணி அளவில் இருக்கிறது. இழப்பே இல்லை என்று வைத்தாலும் பத்து மணி நேரம் விடாமல் மிதிக்க வேண்டும், விளக்கையும் அணைத்துவிட்டு. இன்றைய பயண சைக்கிள்களின் 3 வாட் ஹப்பில் அதற்கு ஓரளவு அர்த்தம் உண்டு. இதில் இல்லை.

விளக்குக் கூட்டை மட்டும் பழையதையே வைத்துக்கொள்ளலாம், அழகாக இருக்கும். எல்.இ.டி.யை உள்ளே பொருத்தி, ஒளி பத்து மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும்படி சாய்த்துத் திருகுங்கள். நேராக வைத்தால் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரரின் கண் கூசும். பின்சக்கர மட்கார்டில் சிவப்புப் பிரதிபலிப்பான் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். புதிய விளக்கின் கம்பி என்றாவது அறுந்தால், லாரியின் வெளிச்சத்தில் தெரிவது அதுதான்.